வலியை நடிக்கிறேன் என்றார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்பு மாதம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிங்கப்பூரின் தேக்காவில் நடந்தது இது. லிட்டில் இந்தியா என்று எல்லாரும் சொன்னாலும் எங்கள் வீட்டில் அது தேக்காதான். தெம்பனிசில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. கடைக்கு வேண்டிய மசாலாச் சாமான்களை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம்.

சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடுமுறை கிடைத்த வெளிநாட்டு ஊழியர்கள், பையும் கையுமாகக் குடும்பங்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளும் தாய்மார்கள் என்று என் வேனுக்கு முன்னால் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இடி விழுந்தது.

வேன் முன்னால் பாய்ந்தது. பிரேக்கில் வைத்திருந்த காலை உயிரைக் கொடுத்து அழுத்தினேன். என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது நினைவிருக்கிறது. வேன் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். கை நீட்டினால் அவளைத் தொட்டுவிடலாம்.

மோதிய காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம். பார்த்ததும் தமிழர் என்று தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் அவர் என்ன குடித்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. எங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று நினைத்தேன்.

“பாய், சின்ன அடிதானேலா. நம்ம ஆளுங்கதான, போலீசெல்லாம் எதுக்கு? இங்கேயே முடிச்சிக்கலாம்” என்று பர்சை எடுத்தார்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். “நம்ம ஆளுன்னா குடிச்சிட்டு வந்து இடிக்கலாமா? அந்தப் புள்ளைய வண்டியோட அடிச்சிருந்தா அப்பவும் பர்ச எடுப்பீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போலீசைக் கூப்பிட்டாள். போலீஸ் வந்து அவரைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். அழைத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், ஏதோ நாங்கள்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டது போல ஒரு பார்வை.

அன்றைக்குச் சுளுக்கு என்றுதான் நினைத்தேன். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் வழக்கம் போலக் கடைக்குப் போய் மாவு உருண்டையைத் தட்டி, எடுத்து வீசினேன். இருபது வயதிலிருந்து செய்கிற வேலை. தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் என் கை செய்யும். ஆனால் அன்று மாவு கல்லின் மேல் விழாமல் தரையில் விழுந்தது. வலது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எனக்குச் சொந்தமில்லாதவை போல மரத்துக் கிடந்தன. இன்னொரு உருண்டையை எடுத்தேன். அதுவும் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். கழுத்தில் பட்டை போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சரியாகவில்லை என்றால் அறுவை சிகிச்சை, அதிலும் கை பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பரோட்டா வீசும் வேலையை மறந்துவிடுங்கள் என்று அந்த டாக்டர் அன்பாகத்தான் சொன்னார்.

கடைக்கு ஒரு பரோட்டா மாஸ்டரைச் சம்பளத்துக்கு வைத்தோம். மனைவி கல்லாவையும் பார்த்து, கறியையும் பார்த்து, பாத்திரத்தையும் பார்த்தாள். நான் கழுத்தில் பட்டையோடு ஓரமாக உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குச் சலாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எப்படிப்பட்ட வேதனை என்று உழைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

இழப்பீடு கேட்பதற்காக டோபி காட் பக்கம் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண், நம் தமிழ்ப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க சிக்னல்ல நின்னுட்டு இருந்தீங்க. அவர் குடிச்சிட்டு வந்து பின்னால இடிச்சிருக்காரு. இதுல சண்டை போட என்ன இருக்கு அங்கிள்? அவரோட இன்ஷூரன்ஸ்தான் பே பண்ணணும்” என்றார். நானும் நம்பினேன். அந்தப் பெண்ணும் நம்பித்தான் சொன்னார்.

அவருடைய இன்ஷூரன்ஸ், அதாவது காப்புறுதி நிறுவனத்திடமிருந்து முதலில் வந்த பதில், வேனின் பின்பக்கத்தில் பெரிய சேதம் இல்லை, அதனால் ஓட்டியவருக்குப் பெரிய காயம் ஏற்பட வாய்ப்பில்லை என்பது. வேனுக்கு நரம்பு கிடையாதே! பிறகு அவர்களே ஒரு டாக்டரிடம் என்னை அனுப்பினார்கள். அவர் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். நான் சொன்னதில் பாதியைக் கேட்டிருப்பாரா என்று தெரியாது. என் கழுத்தில் இருப்பது வயதானால் எல்லாருக்கும் வரும் தேய்மானம் என்று அறிக்கை போனது. ஐம்பத்துமூன்று வயது வரை தினமும் நூற்றுக்கணக்கில் பரோட்டா வீசியவனுக்கு, அந்தத் தேய்மானம் மிகச் சரியாக அந்த ஆள் வந்து மோதிய மதியத்தில்தான் விழித்துக்கொண்டதாம். அதோடு, நான் கடை முதலாளி, முதலாளி கையால் வேலை செய்யத் தேவையில்லை, ஆகவே வருமான இழப்பு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் கடையை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் முதலாளி யார், மாவு பிசைகிறவன் யார் என்று தெரிந்திருக்கும்.

வந்தும் பார்த்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் அந்த ஆளின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை அதிகாரி தேதி சொன்னார், போனேன். நீதிமன்ற அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோட்டு போட்ட ஒருவர் வந்து, “பாய், இங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று பக்கத்து இடத்தைக் காட்டிக் கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அவரேதான். என் கழுத்துப் பட்டை அவர் கண்ணெதிரே இருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பழக்கம்தான். அவர் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அவருடைய வக்கீல், இவர் சமூகத்தில் நல்ல பெயர் உள்ளவர், அன்றைக்கு வேலை அழுத்தத்தில் இருந்தார், குடும்பத்தோடு சாப்பிடப் போன இடத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, இது அவருடைய குணத்துக்கு மாறான ஒரு சம்பவம், இப்போது மிகவும் வருந்துகிறார் என்று உருக்கமாகப் பேசினார். அபராதம் விழுந்தது. சில வருடங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று தடையும் விழுந்தது. அவ்வளவுதான். அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அழுத்தம் இருந்தது என்றால் இருந்தது. வருந்துகிறார் என்றால் வருந்துகிறார். அதற்கு யாரும் படம் எடுத்துக் காட்டச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் வழக்கறிஞர் எங்களை அவசரமாகக் கூப்பிட்டார். போனபோது அவர் முகம் சரியில்லை.

“அங்கிள், என்கிட்ட எதையும் மறைக்கலையே?” என்று கேட்டார்.

கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தில் நான். எங்கள் கடையில் நின்றுகொண்டிருக்கிறேன். வலது கையை உயரத் தூக்கி, மக்கிலிருந்து மக்குக்கு ஊற்றி, தே தாரிக் என்கிற பால் தேநீரை ஆற்றுகிறேன். ஒரு தரம், இரண்டு தரம். நுரை பொங்குகிறது. படம் அங்கேயே முடிந்துவிட்டது. அரை நிமிடம்கூட இருக்காது. கூடவே அவர்கள் அனுப்பியிருந்த வாசகத்தை வழக்கறிஞர் தமிழில் சொன்னார். இவருடைய கை நன்றாகவே இயங்குகிறது, பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டுகிறார், அதாவது நடிக்கிறார்.

மனைவிதான் படத்தை மறுபடி போடச் சொன்னாள். “இது நம்ம நாலாம் நம்பர் மேசையில இருந்து எடுத்தது. அந்தத் தம்பி!” என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சில மாதங்களுக்கு முன்னால் ஒருவர் தொடர்ந்து காலை நேரத்தில் கடைக்கு வந்துகொண்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது. எப்போதும் அதே மேசை. டிஷ்யூ டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டே முட்டைப் பரோட்டா சாப்பிடுவார். “அண்ணே, கழுத்துல என்னண்ணே?” என்று அவர்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உச்சுக் கொட்டினார். “ரொம்ப பாவம்ணே நீங்க” என்றார். அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு கிண்ணம் மீன் கறி வைக்கச் சொல்வேன்.

ஒரு நாள் தே போடுபவர் கழிவறைக்குப் போயிருந்தார். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். இந்தத் தம்பி எழுந்து வந்து, “அண்ணே, ஒரே ஒரு தே தாரிக் உங்க கையால போடுங்கண்ணே. அப்ப நீங்க சூப்பரா போடுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வலிக்கு உச்சுக் கொட்டிய மனிதர் ஆயிற்றே. போட்டுக் கொடுத்தேன்.

நான் போட்ட தேயைக் குடித்துவிட்டுத்தான் என்னைப் பொய்யனாக்கப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த அறையில் நான் கத்திவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு பெண் பிள்ளையின் முன்னால் அப்படிக் கத்தியதில்லை. “குடிச்சிட்டு இடிச்சவன வேவு பாக்க ஆள் வச்சாங்களா? அவன் இப்பவும் குடிக்கிறானான்னு போய் எடுத்தாங்களா? அடிபட்டவன் கடை வாசல்லதான் ஆளப் போடுவாங்களா?” என்று கேட்டேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “அங்கிள், இதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அவங்க எடுத்திருப்பாங்க. முழுசா கேக்கலாம். ஆனா அதுல நமக்கு எதிரா எதுவும் இருக்கக்கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

“கேளுங்க” என்றாள் என் மனைவி. யோசிக்கவே இல்லை.

கேட்டோம். தர முடியாது என்றார்கள். இழுத்தடித்தார்கள். வழக்கறிஞர் விடவில்லை, கடைசியில் முழுப் பதிவும் வந்தது. மறுபடியும் அதே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

அந்தத் தம்பி கெஞ்சிக் கேட்கும் குரல் முதலில் தெளிவாகக் கேட்டது. பிறகு நான் தே ஆற்றுவது. அவர்கள் வெட்டிய இடத்துக்குப் பிறகு, மக்கு என் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுகிறது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் மெல்லக் கீழே உட்காருகிறேன். தே போடும் மேசைக்குப் பின்னால். வாடிக்கையாளர்கள் யாரும் பார்க்காதபடி. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. மேசையின் விளிம்புக்கு மேலே என் தொப்பி மட்டும் தெரிகிறது, அது ஆடிக்கொண்டே இருக்கிறது. பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்து, தேயை இடது கையால் கொண்டுபோய் வைக்கிறேன்.

இவ்வளவையும் அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார்.

படம் முடிந்தது. மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “அவங்க சொன்னது உண்மதான். நடிச்சிருக்கீங்க. இத்தன மாசமா வலியே இல்லாத மாதிரி என்கிட்ட நடிச்சிருக்கீங்க” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கடையில் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, இதையும் எப்படிச் சொல்வது?

அதன் பிறகு சில வாரம் கழித்து அந்தத் தம்பியைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். மீன் கடை முன்னால் பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார். நான் வழியை மறித்தேன்.

“தம்பி, நான் கீழ உக்காந்தத நீங்க பாத்தீங்கல்ல?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். “பாத்தேன்ணே. முழுசாத்தான் எடுத்துக் குடுத்தேன். எத வெட்டணும், எத வைக்கணும்னு முடிவு பண்றது நான் இல்ல. என் வேல அவ்வளவுதான்ணே.”

“தே போடச் சொல்லிக் கேட்டதும் வேலையா?”

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். சுற்றிலும் ஆட்கள் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விலகி வழி விட்டேன். அவர் வேகமாகப் போய்விட்டார்.

முழுப் பதிவு வெளியே வந்த பிறகு காப்புறுதி நிறுவனத்தின் சுதி மாறிவிட்டது. வாகனச் சேதத்தைப் பற்றியோ தேய்மானத்தைப் பற்றியோ அப்புறம் பேச்சே இல்லை. வழக்கு விசாரணைக்குப் போகாமல் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். வழக்கறிஞர் நியாயம் என்று சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வந்தார்கள். மருத்துவச் செலவுக்கும், பரோட்டா மாஸ்டர் சம்பளத்துக்கும், இனி என் கையால் முடியாமல் போகிற வேலைக்கும் சேர்த்துத்தான்.

“எல்லாம் சரி. நடிக்கிறான்னு எழுதினது தப்புன்னு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுறேன்” என்றேன்.

வழக்கறிஞர் கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, “அங்கிள், அவங்க பணம் குடுப்பாங்க. ஸாரி குடுக்க மாட்டாங்க” என்றார். ஒப்பந்தத்தில் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் தருகிறோம் என்றுதான் இருந்தது. சாலையில் சிவப்பு விளக்கில் நின்றவனைக் குடித்துவிட்டு வந்து இடித்ததில், ஒப்புக்கொள்ள இவர்களுக்கு இன்னும் என்ன தயக்கமோ!

நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடத்தான் நினைத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள். “அவங்க ஒத்துக்கிட்டாத்தான் உண்மையா? நாம பாத்தாச்சு. போடுங்க” என்றாள். போட்டேன். கோணலாகத்தான் விழுந்தது, இப்போதெல்லாம் என் கையெழுத்து அப்படித்தான்.

கடை இன்றும் நடக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். மழை அதிகமான நாட்களில் விரல்கள் இன்னும் மரத்துப்போகும். மாவை உருட்டி வைப்பேன், வீசுவதில்லை. முன்னைப் போல இல்லாமல், வலித்தால் வலிக்கிறது என்று மனைவியிடம் வாய் விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவளும் அடுப்பைப் பார்த்தபடியே, “போய் உக்காருங்க” என்பாள்.

பள்ளிவாசலில் பார்க்கிற நண்பர்கள், “அதான் காசு வந்துருச்சுல்ல பாய், இன்னும் என்ன கோவம்? விடுங்க” என்கிறார்கள். என் கை இழந்த வேலைக்கு ஈடு வந்தது, உண்மைதான். ஆனால் குடித்தவனின் வருத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டு, அவனால் அடிபட்டவனின் வலிக்கு மட்டும் ஆதாரம் கேட்டு ஒளிந்திருந்து படம் எடுத்தார்களே, அந்த அவமானத்துக்கு யாரும் ஈடு தரவில்லை. அதனால்தான் இந்தக் கோபத்தை விட்டுவிடாமல் இன்னும் வைத்திருக்கிறேன், அடுத்து அடிபடுகிற யாரோ ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது, நானாவது அதைக் கேட்டவுடன் நம்ப வேண்டும் என்பதற்காக.